மருந்து விழும் துளை

கரண்ட் போன நேரத்தில் சென்னியப்பன் தன் மச்சானை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தான். அதனால் கரண்ட் போனதுகூட மச்சானின் வேலைதான் என்று ஒரு நொடி தோன்றியது. லேத் முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. மின்விசிறி இன்னும் கொஞ்ச நேரம் வெட்டியாகச் சுற்றிவிட்டு அதுவும் நின்றது. ஆவாரம்பாளையத்து அந்தச் சந்தின் பட்டறைகள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ள, இத்தனை நேரம் எங்கே இருந்தது என்றே தெரியாத ஒரு காக்கையின் சத்தம் கேட்டது. இனி ஒவ்வொருத்தனாக வாசலுக்கு வருவான், கையைத் துடைப்பான், 'உங்களுக்கும் போயிருச்சுங்ளா' என்று பக்கத்துப் பட்டறைக்காரனைக் கேட்பான், சந்துக்கே ஒரு டிரான்ஸ்பார்மர்தான் என்பது தெரியாதவன் மாதிரி. கேட்கட்டும். அவன் வெளியே போகவில்லை. லேத்தின் பிடியான சக்கின் வாயிலிருந்து பித்தளைத் துண்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். சுண்டுவிரல் நுழையாத ஒரு குட்டி வளையம். புஷ் என்பார்கள். மச்சான் வீட்டில் தோட்டா நிரப்புகிற கைமிஷின் ஒன்று இருக்கிறது. சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டாவை அதில் நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால், மேலே குப்பியில் இருக்கிற வெடிமருந்து இந்தப் புஷ்ஷின் துளை கொள்கிற மட்டும் இறங்கித் தோட்டாவுக்குள் விழும். அதற்கு மேலே ஈய ரவை. துளைதான் அளவு, வேறு அளவு கிடையாது. துளை சின்னதாக இருந்தால் வேட்டு புஸ்ஸென்று போகும். பெரிதாக இருந்தால் மருந்து கூடிப் போய்க் குழல் வெடித்துச் சுடுகிறவன் மூஞ்சிக்கே வரும். சுடப்போகிறவர் மச்சான். நாளைக் காலையில் அவருடைய துப்பாக்கிக் கிளப்பில் போட்டி.

லேத்தில் துளையைக் கொஞ்சம் இறுக்கமாகவே விட்டிருந்தான். கடைசி நூலளவை எப்போதும் கை ரீமரால்தான் எடுப்பான், அதற்குக் கரண்ட் வேண்டாம். ரீமரின் நட்டை ஓர் இழை முறுக்கினால் அதன் கத்திகள் ஓர் இழை விரியும். துளைக்குள் விட்டுச் சுற்றினால் அந்த அளவுக்குப் பித்தளை சீவிக்கொண்டு வரும். முறுக்கு, சுற்று, பார். அவன் யாருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தாலும் இந்த மூன்றைத்தான் சொல்லுவான், கேட்டவர்களில் பாதிப் பேர் பார்ப்பதை விட்டுவிடுவார்கள், அவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். பார்ப்பதற்கு ஒரு கேஜ் பின் கடைந்து வைத்திருந்தான். மச்சான் கொண்டுவந்து போட்ட உடைந்த புஷ்ஷை நூலால் சுற்றிக் கட்டி, அதன் துளையில் ஆடாமல் அசையாமல் உட்காருகிற மாதிரி கடைந்த எஃகுத் துண்டு. இந்தப் பின் புதுத் துளையில் எப்போது அதேபோல உட்காருகிறதோ அப்போது வேலை முடிந்தது. பின்னைப் பழைய புஷ்ஷிலேயே சொருகி ஜன்னல் கட்டையில் நிறுத்தியிருந்தான். கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். நட்டை முறுக்கினான். சுற்றினான். பின்னை எடுத்து வைத்துப் பார்த்தான், நுழையவில்லை, அதன் இடத்திலேயே திரும்ப வைத்தான்.

பழைய புஷ் எப்படி உடைந்தது என்று மச்சான் ஒரு கதை சொன்னார். தானாகவே உடைந்ததாம். பித்தளை தானாக உடையுமா? அதன் விளிம்பில் சுத்தியலின் வாய் பிறைநிலா மாதிரி பதிந்திருக்கிறது, இவர் தானாக என்கிறார். மிஷின் இறுகியிருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் வழிக்கு வந்திருக்கும், இவருக்கு எண்ணெய் எங்கே இருக்கிறதென்று தெரியாது, சுத்தியல் எங்கே இருக்கிறதென்று தெரியும். தெய்வசிகாமணி. நூற்பு மில் முதலாளி, பெண்டாட்டி சாந்தாமணியின் அண்ணன். மில்லில்கூட ஓடுகிற மிஷினைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார், தொட்டிருந்தால் மில் இந்நேரம் நின்றிருக்கும். அறுபதை நெருங்குகிற வயசில் திடீரென்று துப்பாக்கி ஆசை. உடம்பெல்லாம் பை வைத்த காக்கிச் சட்டை ஒன்று போட்டுக்கொள்கிறார், அந்தப் பைகளில் ஒன்றிலாவது ஏதாவது இருந்து சென்னியப்பன் பார்த்ததில்லை. கிளப் மூலமாக அனுமதி வாங்கி, வெளிநாட்டிலிருந்து மிஷினை வரவழைத்து, அதற்குப் பூசை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி. போதாததற்குக் கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்து ஈயத்தைக் காய்ச்சித் தானே குண்டு வார்க்கிறாராம். ஒரு தடவை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நடுவில் உள்ளங்கையை விரித்து, 'நம்ம கையால ஊத்துனதுங்க' என்று காட்டினார். அச்சு சூடேறுமுன் ஊற்றினால் ஈயம் சுருங்கிப் போகும், அவர் கையில் இருந்தவை எல்லாம் சுண்டைக்காய் வற்றல் மாதிரி இருந்தன. எல்லோரும் ஆகா என்றார்கள். சாந்தாமணியும்தான். அவனும் ஆகா என்றான், அதை நினைத்தால்தான் இப்போதும் வாயில் ஏதோ கசக்கிறது. முறுக்கினான். சுற்றினான். பித்தளை சீவல் சுருண்டு பேப்பரில் விழுந்தது.

ஆகா என்று ஏன் சொன்னான்? சொல்லாமல் இருந்திருக்கலாம். பல் குத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருக்கலாம். கோயமுத்தூரில் நாயை விரட்டினாலும் 'போங்க' என்று விரட்டுகிற ஊர் இது, தங்கச்சி புருஷன் என்றால் வயசில் சின்னவனாக இருந்தாலும் 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்றுதான் பேச்சு. கல்யாணமான புதிதில் அவரும் அப்படித்தான் பேசினார். மில்லில் சூப்பர்வைசராக வந்துவிடுங்கள் என்றார், தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். சென்னியப்பன் மாட்டேன் என்றான், எனக்கு லேத் இருக்கிறது என்றான். அன்றைக்குப் போனது அந்த 'ங்க'. அதற்கப்புறம் 'வா மாப்ள', 'என்ன மாப்ள நீயி'. யாரும் கவனிக்கவில்லை என்று சாந்தாமணி சொல்லுவாள். எல்லோரும் கவனித்தார்கள். வீட்டு வேலைக்காரி கவனித்தாள், அடுத்த தடவை அவனுக்கு மட்டும் காப்பி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அந்த வீட்டு மருமகள் அவன் காதில் விழுகிற மாதிரி, 'அவருக்கென்ன, கிரீஸ் கை, பீங்கான்னா வழுக்கும்' என்றாள், சிரித்தார்கள். சிரிக்கட்டும். இவர்களில் ஒருத்தருக்காவது ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று தெரியுமா? உடைத்துவிட்டு வருவார்கள், இங்கேதான் வருவார்கள். மிக்ஸி ஜாடி, கேட்டின் கொண்டி, குலதெய்வக் கோயில் மணியின் நாக்கு, எல்லாம் இந்த ஸ்டூலுக்குத்தான் வந்தது. நாக்கை ஒட்டித் தந்தவனை விட்டுவிட்டு மணியடித்தவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். முறுக்கினான். சுற்றினான். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, தோளில் துடைத்துக்கொண்டான்.

செல்போன் அடித்தது. சாந்தாமணி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான், கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க, அண்ணன் கெளம்பிட்டாராமா. அதை வாங்கீட்டு அப்பிடியே வீட்டுக்குப் போயி தோட்டா நெரப்பறாராமா."

"வரட்டும்."

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க."

"எம் மூஞ்சி எந்நேரமும் அப்பிடித்தான்."

"அதத்தான் சொல்றேன். ஒரு வார்த்த நல்லாப் பேசுங்க. அவரு உங்களத் தேடித்தான வர்றாரு, வேற பட்டறையே இல்லாமயா?"

"வேற பட்டறைக்காரன் ஓசில செய்ய மாட்டான்."

"ஆரம்பிச்சுட்டீங்களா," என்றாள். "அன்னிக்குக் கெளப்புல நடந்தத இன்னும் நெனச்சுட்டே இருக்கறீங்க. விடுங்க அதை." வைத்துவிட்டாள்.

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். அவன் அதைத் தொடாமல்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வேலைக்காரி, காப்பி, கோயில் மணி என்று ஒவ்வொன்றாக எடுத்தது இதை எடுக்காமல் இருக்கத்தான். இப்போது எடுத்தாகிவிட்டது. போன தையில் மச்சான் அவனைக் கிளப்புக்கு அழைத்துக்கொண்டு போனார், சாந்தாமணியின் கட்டாயம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். களிமண் தட்டைக் காற்றில் வீசுகிற ஒரு கருவி இருந்தது, ஸ்பிரிங் வைத்தது, நெம்புகோலை இழுத்தால் தட்டுப் பறக்கும், பறக்கிற தட்டைச் சுட வேண்டும். மச்சான் சுட்டார், தட்டுப் பத்திரமாகப் போய்ப் புல்லில் இறங்கியது. காற்று அதிகம் என்றார். மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. சென்னியப்பன் அந்தக் கருவியின் பக்கத்தில் போய் நின்று ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான், நல்ல வேலைப்பாடு, பார்க்க வேண்டிய ஒரே பொருள் அங்கே அதுதான். அப்போது கிளப் டாக்டர், தொப்பி போட்ட மனிதர், மச்சானின் நண்பர், துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டே, 'ஏப்பா, ஒண்ணு விடு' என்றார். அவனைப் பார்த்துத்தான். சென்னியப்பன் மச்சானைப் பார்த்தான். மச்சான் அவனைப் பார்த்தார். ஒரு வார்த்தை. இவர் நம்ம மாப்ளைங்க என்று ஒரே ஒரு வார்த்தை. மச்சான் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், தட்டு வரப்போகிற பக்கமாக. சென்னியப்பன் நெம்புகோலை இழுத்தான். தட்டுப் பறந்தது. 'இன்னொண்ணு' என்றார் டாக்டர். இன்னொன்றும் விட்டான். வெயில் ஏறுகிற வரைக்கும் விட்டான். ஏன் இழுத்தான்? கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். நான் யார் தெரியுமா என்று கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் யார் என்று சொல்லியிருப்பான்? இழுத்தது கை. அவனைக் கேட்காமலே இழுத்தது. அந்தக் கையின் மேல்தான் அவனுக்கு மச்சான் மேல் இருப்பதைவிடக் கோபம், நல்ல வேலைப்பாடு என்று கண்டால் போதும், எவன் சொன்னாலும் இழுத்துவிடும். முறுக்கினான். சுற்றினான். வரும்போது காரில் மச்சான் சொன்னார், 'டாக்டருக்குத் தெரியாதுல்ல மாப்ள, நீ ஒண்ணும் நெனச்சுக்காதே.' இவருக்குத் தெரியுமே. முறுக்கினான். அந்தக் கழுத்து, அந்தக் கைக்குட்டை, அந்த வானம். சுற்றினான். நாளைக்கு இந்தத் துளை வழியாக விழுகிற மருந்துதான் அந்தக் குழலுக்குள் போகும். மச்சான் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்தி, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து. கொஞ்சம் கூடினால்? குழல் நடுவில் பிளந்து வாழைப்பூ மாதிரி விரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இடது கை விரல்கள் முதலில் போகும், அப்புறம் கண். ஆஸ்பத்திரி. கட்டு. தான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவதையும் பார்த்தான், வெள்ளைச் சட்டை. 'வாங்க மாப்ள' என்று தலையணையிலிருந்து ஒரு குரல். டாக்டர் தொப்பி இல்லாமல் மூலையில் நிற்கிறார். அந்தப் படம் இனித்தது. சே, என்ன மனுசன் நீ. ஆனாலும் படத்தை உடனே அழிக்கவில்லை, ஆப்பிளுக்குப் பதில் சாத்துக்குடியாக மாற்றிப் பார்த்தான். முறுக்கினான். சுற்றினான்.

கார் ஹாரன் சந்து முனையிலிருந்தே கேட்டது. சந்தில் ஒரு நாய்கூட இல்லை, யாருக்கு அடிக்கிறார் என்று தெரியவில்லை. காக்கிச் சட்டை, பைகள், வாசனைத் தண்ணீர், எல்லாம் சேர்ந்து பட்டறைக்குள் நுழைந்தன.

"என்ன மாப்ள, இருட்டுல குத்த வெச்சுட்டு என்ன பண்றே?"

"கரண்ட் இல்லீங்க."

"ஆச்சா?"

சென்னியப்பன் ரீமரிலிருந்து புஷ்ஷை உருவினான். உள்ளே ஊதினான். "ஆச்சுங்க, ஒருக்கா—"

அதற்குள் மச்சான் வாங்கிக்கொண்டார். தங்கத்தைப் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் துளை வழியாகச் சென்னியப்பனைப் பார்த்தார். பளபளக்கிற பித்தளை வட்டத்துக்குள் அவருடைய கண் மட்டும் தெரிந்தது, கொஞ்சம் சிவந்து, ஓரத்தில் வயசான தண்ணீரோடு. இமைத்தது.

"நல்லா மின்னுது," என்றார். "டாக்டர் நம்ம வீட்ல வந்து உக்காந்துட்டிருக்கறாரு. போனதும் நெரப்பியாகோணும்."

"மருந்த ஒரு தடவ எடை போட்டுப் பாத்துக்குங்க."

"எதுக்கு எடை? நீ செஞ்சா செரியாத்தான் இருக்கும். இதுகூட ஒழுங்காப் பண்ணலைன்னா வேற என்னதான் தெரியும் உனக்கு?" சிரித்தார், தோளில் தட்டினார், தட்டிய கையை உடனே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். புஷ் பைகளில் ஒன்றுக்குள் போனது. முதல் தடவையாக அந்தப் பையில் ஏதோ இருந்தது. கார் பின்னோக்கியே போய்ச் சந்து முனையில் திரும்பிற்று.

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தான். ஒரு பாராட்டு, ஒரு அறை, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிற ஆள் இவர் ஒருத்தர்தான். வேற என்ன தெரியும் உனக்கு. தெரியாதுதான். காற்றில்லாத நாளில் காற்றைக் குறை சொல்லத் தெரியாது. வானத்தைப் பார்க்கத் தெரியாது. இன்னும் என்னென்ன தெரியாது என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் முதுகுக்குப் பின்னால் லேத் தானாக ஓட ஆரம்பித்தது. அவன் துள்ளி எழுந்துவிட்டான். காலிச் சக்கு மடமடவென்று சுற்றியது, மின்விசிறி சுற்றியது, சந்து முழுக்கக் கிரைண்டர்களும் டிரில்களும் ஒன்றாகக் கத்தின. கரண்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சுவிட்சை அவன் அணைக்கவில்லை. கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணை என்று எத்தனை பேரிடம் இந்தப் பட்டறையில் கத்தியிருப்பான், அணைக்காமல் விட்ட ஒருத்தனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினான். போய் அணைத்தான். சுவிட்சை மறந்தால், வேறு எதை மறந்தான்? ஒன்றையும் மறக்கவில்லை. முறுக்கு, சுற்று, பார். பார்த்தான். முதலில் பார்த்தான், நுழையவில்லை. அப்புறம்? அப்புறமும் பார்த்திருப்பான். இத்தனை வருசப் பழக்கம், கை தானாகவே பார்த்திருக்கும். ஜன்னல் கட்டையைத் திரும்பிப் பார்த்தான். கேஜ் பின் பழைய புஷ்ஷுக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்த முதல் தடவைக்குப் பிறகு ஜன்னல் கம்பி வழியாக வந்த தூசி அதன் தலையில் படிந்திருந்தது. தூசியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. கீழே பேப்பரில் பித்தளை சீவல் குவிந்து கிடந்தது, ஓர் இழைக்கும் இரண்டு இழைக்கும் வருகிற சீவல் அல்ல, ஒரு பிடி.

ரீமர் இருக்கிறதே என்று நினைத்தான். கடைசியாக வைத்த அளவிலேயே அது இருக்கிறது, நட்டை யாரும் தொடவில்லை. புதுத் துளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது ரீமர். பழைய புஷ்ஷிலிருந்து பின்னை உருவிவிட்டு, அந்தத் துளையில் ரீமரின் நுனிக்கு மேலே இருக்கிற பருத்த பகுதியை வைத்துத் தள்ளினான். போகவில்லை. திருப்பி வைத்துத் தள்ளினான். விளிம்பிலேயே தட்டி நின்றது, நகக்கண்ணால் தொட்டுப் பார்க்கலாம், ஒரு நகத்தின் கனம் முழுசாக வெளியே நின்றது. ஒரு நகம் என்றால் மருந்தில் எவ்வளவு என்று அவன் மனம் கணக்குப் போடப் பார்த்தது, போட மறுத்துவிட்டது. வாழைப்பூ என்று மட்டும் சொல்லியது. தண்ணீர் குடிக்கலாம் என்று பானைக்குப் போனான், டம்ளரை எடுத்தான், குடித்தானா என்று தெரியவில்லை. இப்போது மச்சான் பாலம் தாண்டியிருப்பார். அவர் எடை போட்டுப் பார்க்க மாட்டார், அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார், நீ செஞ்சா செரியாத்தான் இருக்கும். அப்படியே விட்டால்? யாருக்கும் தெரியாது. ஆயிரம் காரணம் இருக்கிறது. மருந்து மோசம் என்பார்கள், குழல் பழசு என்பார்கள், அவர் ஏதோ சுத்தியலால் தட்டியிருப்பார் என்றால் எல்லோரும் நம்புவார்கள், அவனே சொல்லலாம், சாந்தாமணிகூட நம்புவாள். எவ்வளவு ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வருகிறது என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இத்தனை ஒழுங்கு திடீரென்று வருமா? நட்டை முறுக்கியது யார்? கையா? அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆப்பிளைச் சாத்துக்குடியாக மாற்றிக்கொண்டிருந்தபோது, கை பாட்டுக்கு முறுக்கியதா, இல்லை படத்தைக் கேட்டுக்கொண்டே முறுக்கியதா? தெரியவில்லை. துளைக்குள் தெரிந்த அந்தக் கண் நினைவு வந்தது. சிவந்து, தண்ணீராக, ஒரு கிழவனுடைய கண். அது அவனை நம்பிப் பார்த்தது. அந்த நம்பிக்கையிலும் ஏளனம்தான் இருந்தது, ஆனால் நம்பிக்கையும் இருந்தது. சனியன்.

போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. கட் ஆனது. மறுபடி போட்டான்.

"சொல்லு மாப்ள." பின்னால் சிரிப்பும், ஏதோ இரும்பு கடகடப்பதும் கேட்டது. போய்ச் சேர்ந்துவிட்டார்.

"மச்சான், அதுல உள்ள பிசிறு எடுக்காம விட்டுட்டேனுங்க. ஆள அனுப்பறேன், குடுத்துருங்க, நிமிசத்துல எடுத்துத் தந்தர்றேன்."

"அட, பிசிறுதான? டாக்டர்கிட்ட அரம் இருக்குது, நாங்களே தேச்சுக்கறோம். மாட்டியே ஆச்சு, டாக்டர் இழுத்துட்டிருக்கறாரு."

கடகட. கைப்பிடி இழுக்கிற சத்தம் அதுதான். பொய் ஒன்று போயிற்று. இன்னொரு பொய் சொல்லலாம், நாலைந்து பொய்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்றுக்கும் அந்தக் கைப்பிடியை நிறுத்துகிற பலம் இல்லை. அதை நிறுத்துகிற ஒரே வார்த்தை எது என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருசமாக அந்த ஆளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரே வார்த்தையும் அதுதான்.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றான். "ஓட்டை பெருசாப் போயிருச்சு. நான் தப்புப் பண்ணிப்போட்டேன். அளவே பாக்கல."

"என்னங்க மாப்ள சொல்றீங்க?"

அந்த 'ங்க' காதில் விழுந்தது. பயத்தில் வந்தது.

"அந்த மருந்து குழலப் பொளந்துருமுங்க. நெரப்புன தோட்டா எத்தனன்னாலும் தனியா எடுத்து வைங்க, ஒண்ணையும் சுட்டராதீங்க. புஷ்ஷ இப்பவே கழட்டுங்க. கழட்டிட்டுச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கறேன்."

"டாக்டர், நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று கேட்டது. நாற்காலி தள்ளுகிற சத்தம். ஸ்பானரைத் தேடுகிறார்கள், இடது பக்கம் திருப்புங்க என்று போனுக்குள் சொல்லலாமா என்று நினைத்தான். அப்புறம் மேஜையில் பித்தளை விழுந்து உருளுகிற மெல்லிய சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

"கழட்டியாச்சு," என்றார் மச்சான். குரல் மெதுவாகத் தன் பழைய இடத்துக்குத் திரும்பியதைச் சென்னியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். "அட என்ன மாப்ள நீ. ஒரு ஓட்டை. இத்தன வருசமா லேத்து லேத்துன்னு கட்டிட்டு அழுதியே, ஒரு ஓட்டை ஒழுங்காப் போடத் தெரியலையா?" பக்கத்தில் யாரிடமோ, "நம்ம மாப்ளைங்க. பட்டறை வெச்சிருக்கறாரு" என்றார். டாக்டர் ஏதோ சொல்ல, சிரித்தார்கள். நம்ம மாப்ளைங்க. போன தையில் வர வேண்டிய வார்த்தை, இன்றைக்கு வந்து சேர்ந்தது. "செரி விடு, மனசுல வெச்சுக்காதே. வயசாச்சுல்ல உனக்கும்," என்றார் மச்சான் கடைசியில், பெரிய மனசோடு.

"சரிங்க மச்சான்," என்றான்.

இனி இது அந்த வீட்டின் கதை. காதுகுத்து, சீமந்தம், கிடாவெட்டு எல்லாவற்றிலும் இலை போட்டதும் ஆரம்பிக்கும். மச்சான் நன்றாகச் சொல்லுவார், சொல்லச் சொல்ல வளரும், அடுத்த வருசம் துளை பானை வாய் அளவுக்கு ஆகிவிடும். வேலைக்காரியும் கேட்பாள். ஒருத்தருக்கும், ஒரு ஈ காக்கைக்கும், அவன் ஒரு மனிதனின் கண்ணைக் காப்பாற்றினான் என்று தோன்றப் போவதில்லை, அவன் காப்பாற்றினானா என்றே அவனுக்கு நிச்சயமில்லை, அந்தக் கண்ணைக் குறி வைத்தவனும் அவனாகவே இருக்கலாம். ரீமரின் நட்டைத் தளர்த்தினான். நல்ல பித்தளைக் கட்டை ஒன்றை எடுத்துச் சக்கில் மாட்டினான், சுவிட்சைப் போடவில்லை. செல்போன் அடித்தது. சாந்தாமணி. அண்ணன் அதற்குள் சொல்லியிருக்கிறார். சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தான். சிரித்தால் கத்துவதற்கு வார்த்தைகளும் தயாராக இருந்தன.

அவள் சிரிக்கவில்லை.

"நீங்களாவே கூப்புட்டுச் சொன்னீங்களாமா?"

"ஆமா."

வீட்டு வாசலில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போகிற சத்தம் அவள் பக்கத்திலிருந்து கேட்டது. அது தேய்ந்து போயிற்று.

"ஏனுங்க," என்றாள், தணிந்த குரலில். "கை தவறிருச்சுங்களா? இல்ல…"

முடிக்கவில்லை. சென்னியப்பன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். விரலிடுக்கில் பித்தளைத் தூள் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"தெரியல சாந்தா," என்றான்.

அவள் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.